இஸ்ஸதீன் நானாவின் பதின்மூன்றாம் நோன்பு

கொழும்பு கொம்பனித்தெருவில் கோட்டுத் தைத்துப் பிழைத்த இஸ்ஸதீன் நானாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். அவரைப் பற்றி ஊர் சொன்ன பொய்க்கு முதற்காரணம் நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தோராம் ஆண்டு. அந்தத் தெரு டிஸ்பென்சரியில் நான், பூபாலசிங்கம், கம்பவுண்டர். டொக்டர் பறங்கிக்காரர். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் எடுத்துச் சொல்வதும் என் வேலை. நானாவுக்கு ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே பழுது, மற்றதில் கல். பகலில் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும், இந்த வருஷம் நோன்பு கூடவே கூடாது என்று சொல்லச் சொன்னார் டொக்டர்.

சொல்ல எனக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா? முந்தின வருஷம் ஒரு வியாபாரியிடம் இதையே சொல்லி, மார்க்க விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த ரோஷத்தை இந்தச் சாதுவான மனிதரிடம் காட்டினேன்.

"டொக்டர் தொர என்ன சென்ன, ஐயா?" என்று கேட்டார் நானா.

"தண்ணி நிறையக் குடிக்கட்டாம்."

"நோம்பு புடிக்கேலுமா?"

"அதை உங்கட பள்ளிவாசல் லெப்பையிட்டக் கேளுங்கோ, நானா."

போய்க் கேட்டிருக்கிறார். டொக்டர் தடுத்தால் நோன்பை விட்டுவிட்டு ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கலாம், மார்க்கத்திலேயே வழி இருக்கிறதாம். "டொக்டர் வேணாண்டு சென்னாரா?" என்றுதான் லெப்பை கேட்டாராம். இல்லை என்று நானா உள்ளதைச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பதின்மூன்றாம் நோன்பன்று மத்தியானம் ரிக்‌ஷாவில் கொண்டுவந்தார்கள். முகம் அதைத்து வீங்கிப்போய், உதடு வெடித்து, இரண்டு நாளாகச் சிறுநீர் இறங்காமல். நான் பதறித் தண்ணீர் நீட்டினேன். "நோம்பு, ஐயா" என்று கையை விலக்கினார்.

டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நோன்பு கூடாதென்று சொன்னாயா என்று கேட்டார்.

"சொன்னனான், சேர்" என்றேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறென்ன.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தன் அரைகுறைத் தமிழில் நானாவிடமே கேட்டார்: "நோன்பு வேண்டாம். இவன் சொன்னதா?"

நானா என் முகத்தைப் பார்த்தார். நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"சென்னார், தொர. நான்தான் கேக்கல்ல."

டொக்டர் அவரை முட்டாள் என்று திட்டினார். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நாலாம் நாள் மௌத்தானார். சொற்கேளாமல் போய்ச் சேர்ந்த மனிதன் என்றது தெரு. அவர் மனைவி ஜவாஹிறாவும் அதையே சொல்லிச் சொல்லி அழுதார். மானங்கெட்டவன் நான், தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

பொய் சொன்னால் நோன்பின் பலன் போய்விடும் என்று எனக்கு ஒருமுறை சொல்லித் தந்தவரும் அவர்தான். உயிர் போகிற நேரத்தில் ஒரு மிடறு தண்ணீருக்காக விடாத நோன்பை, அவர் என் வேலைக்காக விட்டார்.