இன்னொருதடவைக்காரி

அவள் பேர் முதல்முதலாக என் காதில் விழுந்தது, என் வீட்டுக்காரர் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சொன்னபோதுதான். "நாளையிலேருந்து எனக்கு ஜோடி இன்னொருதடவைக்காரி" என்றார். கரண்டி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. இருபத்தெட்டு வருஷமாக அவருக்கு ஜோடி நான்தான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அது யாரு, பேரே ஒரு தினுசா?"

"பேரு வேற என்னமோ. வேலையில எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. எதைக் காட்டினாலும் 'இன்னொரு தடவை'ம்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் அவர் பல் எப்படி இருக்கும் என்று தெரியவேண்டுமானால் பல் டாக்டரைத்தான் கேட்கவேண்டும்.

மின்நிலையத்தில் அவர் காவலர். இடுப்பில் பிஸ்டலோடு நிற்கிற வேலை. சாயங்காலம் வேலை முடிந்தால் பிஸ்டலை ஆயுத அறையில் ஒப்படைத்துவிட்டு வரவேண்டும். ஒப்படைப்பதற்கு முன்னால் அதிலுள்ள தோட்டாக்களை இறக்கவேண்டும். தனியாக இறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒருவர் இறக்குவார், ஜோடி பக்கத்தில் நின்று கவனிப்பார். இறக்கியவர் திறந்து காட்டி "பாரு" என்பார். ஜோடி "பார்த்தாச்சு" என்ற பிறகுதான் பிஸ்டல் உள்ளே போகும். அப்புறம் ஆள் மாறி அதே காரியம்.

நீங்களே பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை, வாரத்துக்கு ஆறு நாள், அவர் ஓய்வு பெறும்வரை பதினோரு வருஷம். அவளிடம் அவர் "பாரு" என்று சொன்னது மூவாயிரத்துக்கு மேல் போகும். என்னிடம்? புதுச் சேலை கட்டிக்கொண்டு நான்தான் "பாருங்க" என்பேன். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும்.

எனக்குப் படிப்புதான் ஐந்தாம் வகுப்போடு நின்றது. உறவுக் கணக்கில் என்னை அடிக்க ஆள் கிடையாது. யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் சாப்பிடாமல் போனார்கள் என்பதுவரை நினைவிருக்கிறது. இரண்டு வாரம் துருவினேன். கடைசியில் நூல் அகப்பட்டது. என் மாமியாரின் தங்கையைக் கட்டியவருக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர். அவருடைய இரண்டாவது மகள்தான் இவள். ஆக, என் வீட்டுக்காரருக்குத் தங்கை முறை! அன்றைக்குத்தான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கியது. மறுநாளே பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பிடித்து, "நீ எனக்கு நாத்தனார் ஆகணும், தெரியுமா?" என்று விவரம் சொன்னேன். அவள் பதறவில்லை, மகிழவும் இல்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க. யாரோட தம்பி?"

மறுபடி சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "சரியாத்தான் வருது அண்ணி" என்றாள்.

தங்கை ஆக்கிவிட்டால் பொறாமை போய்விடும் என்று நினைத்தது என் மடத்தனம். நாத்தனாரைப் பார்த்து வயிறு எரியாத அண்ணி எந்த வீட்டில் இருக்கிறாள்? அடுத்த மாதமே காவலர் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு மனுக் கொடுத்தேன். "முழங்கால் வலின்னு மாடிப்படிகூட ஏற மாட்டே, உனக்கெதுக்கும்மா இந்த வேலை?" என்று மகள் கேட்டாள். கைச்செலவுக்கு என்றேன்.

இப்படித்தான் அவளை நேரில் பார்க்கத் தொடங்கினேன். ஆயுத அறைக்கு வெளியே, சாய்வாக ஒரு இரும்புப் பீப்பாய். உள்ளே முழுக்க மணல். தவறிச் சுட்டாலும் குண்டு மணலில் புதைந்துபோகும். பீப்பாயைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு. காவலர் தவிர யாரும் அதைத் தாண்டக் கூடாது. துடைப்பத்தோடு கோட்டுக்கு வெளியே நான்.

அவள் குள்ளம். இடுப்புக் கச்சை அவளுக்குப் பெரிது. ஆணியால் மூன்று துளை கூடுதலாகப் போட்டிருந்தாள். பிஸ்டலை உருவியதும் அதன் வாயைப் பீப்பாயின் வாய்க்குள் காட்டுவாள். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் தலை திரும்பாது. மேலதிகாரி கூப்பிட்டாலும் அப்படித்தான். ஆள்காட்டி விரல் விசைப் பக்கம் போகவே போகாது, பக்கவாட்டில் குச்சிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். முதலில், கைப்பிடிக்குள் செருகியிருக்கும் மேகசினை உருவித் தட்டில் வைப்பாள். தோட்டாக்கள் அடுக்கியிருக்கிற கூடு அது. அதை எடுத்துவிட்டால் பிஸ்டல் காலி என்றுதான் என்னைப்போன்ற ஆட்கள் நினைப்போம். காலி இல்லை, குழலின் அடியில் ஏற்கெனவே ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். மேலே மூடிபோல் உள்ள ஸ்லைடைப் பின்னால் முழுக்க இழுத்தால் அது துள்ளி வெளியே விழும். ஸ்லைடை அப்படியே திறந்தபடி நிறுத்தி, அது உட்கார்ந்திருந்த குழிக்குள் பார்ப்பாள். மேகசின் இருந்த பொந்துக்குள் பார்ப்பாள். பிறகு சுண்டுவிரலைக் குழிக்குள் விட்டுத் தடவுவாள். அதற்காகவே அந்த ஒரு நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள்.

"கண்ணுதான் பார்த்துடுச்சே, விரல் எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணு பழகிப்போயிடும் அண்ணி. காலியா இருக்கணும்னு நினைச்சாலே காலியாத் தெரியும்."

அங்கே ஒரு வாலிபக் காவலன் உண்டு, மீசைக்காரன். ஸ்லைடை இழுக்கும்போதே தோட்டா வெளியேறும் வாயை உள்ளங்கையால் மூடி, விழுகிற தோட்டாவை லாவகமாகப் பிடிப்பான். பார்க்க அழகாகத்தான் இருக்கும். இவள் பிடிக்க மாட்டாள். தரையில் விழவிட்டு, எல்லாம் முடிந்தபின் குனிந்து பொறுக்குவாள்.

"அத்தை, ஒரு தோட்டாவைப் பிடிக்கக்கூடத் தெரியலையா உங்களுக்கு?" என்றான் அவன்.

"அது உள்ளங்கையில வெடிச்சா மீசைய எந்தக் கையால முறுக்குவே?" என்றாள். நானே சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக அன்று முழுக்க என்மீதே எனக்குக் கோபம்.

பொறுக்கிய தோட்டாவின் அடியில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாள். ஒரே தோட்டா தினமும் உள்ளே போய்வந்தால் அதன் தலை கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிப்போகுமாம், அமுங்கினது ஆபத்தாம். மூன்று புள்ளி விழுந்ததைத் தனியே எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். வீட்டிலும் இதே கதைதான். அவள் புருஷன் தையல்காரர். "கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டேன். இன்னொரு தடவை கேளுங்கன்னா. பயந்துபோய் நான் கேட்கவே இல்லை, அவளாத்தான் சம்மதம்னு சொன்னா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அன்று சாயங்காலம் நிறைமாசமாக இருந்த மகளுக்கு இடுப்பு வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று எனக்குப் போன் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கோட்டருகே ஓடினேன். அவர் அப்போதுதான் பிஸ்டலைப் பீப்பாய்க்குள் நீட்டியிருந்தார்.

"என்னங்க, பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு. சீக்கிரம் வாங்க! இதை அப்புறம் ஆற அமரச் செஞ்சுக்கலாம்!"

அவர் கை பறந்தது. ஸ்லைடை இழுத்துவிட்டார், ஒரு தோட்டா துள்ளி விழுந்தது. ஸ்லைடு முன்னால் போய் அடைத்துக்கொண்டது. பிறகு மேகசினை உருவினார், திறந்து காட்டாமலே "பாரு" என்றார்.

"விசையைத் தொடாதீங்கண்ணே. இன்னொரு தடவை."

"ஏம்மா, விழுந்துச்சே, பார்த்தேல்ல? என் பொண்ணு அங்க..."

"விழுந்தது முதல் ஆளு. மேகசின் உள்ளே இருக்கும்போது இழுத்துட்டீங்க. அடுத்த ஆளு ஏறி உட்கார்ந்திருப்பான். திரும்பவும் இழுங்க."

அவர் முகம் சிவந்தது. இழுத்தார். இரண்டாவது தோட்டா கல்தரையில் விழுந்து, உருண்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டி என் கால்விரலில் வந்து முட்டியது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

வரிசை தவறினால் பதிவேட்டில் எழுதவேண்டும். எழுதினால், மறுபடி தேர்வு எழுதித் தேறும்வரை பிஸ்டல் கிடையாது, கச்சையும் கிடையாது. வாசலில் உட்கார்ந்து வண்டி எண் குறிக்கவேண்டும். முப்பத்தொன்பது வருஷம் கச்சை கட்டிய மனுஷன் கடைசியில் வெறும் இடுப்போடு வீட்டுக்கு வருவதா? நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே கெஞ்சினேன்.

"அண்ணி அண்ணின்னு வாய் நிறையக் கூப்பிடுறியே, அதுக்காகவாவது விட்டுடும்மா. எட்டு மாசம்தானே. யாருக்கு என்ன ஆச்சு?"

"எழுதாம விட்டேன்னா நாளைக்கு அண்ணன் திறந்து காட்டும்போது எந்த வாயால 'பார்த்தாச்சு'ம்பேன் அண்ணி?"

அவள் பேனாவில் மை தீர்ந்திருந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவளிடம் நீட்டினார். "எழுதும்மா" என்றார். பால் கணக்கு எழுதக்கூட எனக்குத் தராத பேனா அது.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, இருவரும் நலம். ஆனால் பதிவேட்டில் அவள் என்ன எழுதினாள் என்பதுதான் என்னை அரித்தது. 'காரணம்' என்று அதில் ஒரு கட்டம் உண்டு. பெண்டாட்டி வந்து கத்தினாள் என்று எழுதியிருந்தால் நான் எந்த முகத்தோடு அங்கே பெருக்குவது? நாலாம் நாள் மேசையைத் துடைக்கிற சாக்கில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'ஸ்லைடு முதலில், மேகசின் பிறகு. அவசரம்' என்று இருந்தது. நான் அதில் இல்லை.

"என்னை ஏன் எழுதல?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்களை நான் பார்க்கல அண்ணி. பிஸ்டலைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

நன்றி சொல்வதா, திட்டுவதா என்று தெரியாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவ்வளவு சத்தம் போட்டிருக்கிறேன், திரும்பியாவது பார்த்திருக்கக் கூடாதா?

எழுபது நாள் அவர் வாசலில் வண்டி எண் குறித்தார். எழுபது நாளும் நான் அவளோடு பேசவில்லை. அவள் மட்டும் தினமும் "அண்ணி, சாப்டாச்சா" என்று கேட்டுக்கொண்டு போனாள். பிறகு தேர்வு வைத்தார்கள். தேறினார். கச்சை திரும்பி வந்தது. ஜோடியாக யார் வேண்டும் என்று கேட்டார்களாம். மீசைக்காரனைக் கேட்டிருக்கலாம். ஒரு நொடிகூட யோசிக்காமல் இவளையே கேட்டாராம். இதையும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார்.

கடைசி நாள் வந்தது. நான் சீக்கிரமே பெருக்கி முடித்து, கோட்டருகே நின்றேன். அவர் பிஸ்டலை நீட்டினார். மேகசின் வெளியே வந்தது. ஸ்லைடை இழுத்தார், நிறுத்தினார். ஒரே ஒரு தோட்டா தரையில் விழுந்தது. உள்ளே பார்த்தார், விரல் விட்டார். வழக்கம்போல அவள் அவருடைய இடது தோளை ஒட்டி நின்றாள். எனக்குத் தெரிந்தது அவள் முதுகும் கொண்டையும்தான். அவர் திறந்து காட்டும் நேரத்தில் பதினோரு வருஷமும் நான் பார்த்தது அவ்வளவுதான்.

அவள் திரும்பவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. கோட்டைத் தாண்டச் சொல்ல அவளுக்கு மனம் வராது. பார்வையைப் பிஸ்டலிலிருந்து எடுக்காமலே அரை அடி பக்கவாட்டில் நகர்ந்து நின்றாள்.

அந்த இடைவெளியில் எனக்கு அவர் கை தெரிந்தது. திறந்த குழி தெரிந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, கொஞ்சம் எண்ணெய்ப் பளபளப்பு மட்டும்.

"பாரு" என்றார் அவர். யாரிடம் சொன்னார் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

அவர் இப்போது வீட்டில் செய்தித்தாள் படிக்கிறார். அவள் அதே வேலையில், அதே பீப்பாய்க்கு இடப்பக்கம் நிற்கிறாள், ஜோடி மீசைக்காரன்.