மிளகாய் நுழையாத கோட்டையில் ஒரு கோழிக்கறி

2006 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை. விடிந்தும் விடியாத வேளையில் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் நானும் மனைவி சுகந்தியும் ரயில் ஏறினோம். காஸலிலும் ஐசனாக்கிலும் மாறி ஏறி, நவும்பர்க்கில் இறங்கியபோது மதியமாகிவிட்டது.

எங்கள் சிறிய சாப்பாட்டுக் கடைக்கு வழக்கமாக வரும் ஆசிரியை உல்ரிக்கவின் சொந்த ஊர் அந்தப் பக்கம். அவ்வூர்க் கோட்டையில், ஐந்நூறு அறுநூறு வருடங்களுக்கு முந்தைய இடைக்கால விருந்துச் சமையல் போட்டி நடக்கவிருந்தது. சுகந்தியின் பெயரையும் அவர்தான் கொடுத்திருந்தார். நிலையத்திலிருந்து காரில் கூட்டிப்போனவரும் அவரே. வழி நெடுகத் திராட்சைத் தோட்டங்கள்.

கோட்டை வாசலில் போட்டியை நடத்தும் ஹோர்ஸ்ட் என்பவர் எங்கள் பையைத் திறந்து பார்த்தார். மிளகாய்த்தூளையும் தேங்காய்ப்பால் டின்னையும் எடுத்து ஓரமாக வைத்தார்.

“அந்தக் காலத்தில் இங்கே இல்லாத எதுவும் அடுப்பில் ஏறக்கூடாது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்காவிலிருந்து பிறகு வந்தவை” என்றார்.

சுகந்தியின் முகம் வாடிவிட்டது. “தூள் இல்லாமல் என்னெண்டு கறி வைக்கிறது? வாங்கோ, திரும்பிப் போவம்.”

“வந்தது வந்திட்டம். என்ன கிடக்கெண்டு பாத்திட்டுப் போவமே” என்றேன்.

பொது மேசையில் மிளகு, இஞ்சி, கறுவாப் பட்டை, கராம்பு, குங்குமப்பூ. கடைசிக் கிண்ணத்தில் இருந்ததைச் சுகந்தி முகர்ந்து பார்த்தாள்.

“இஞ்சை பாருங்கோ, திப்பிலி! இருமலுக்கு அவிச்சுக் குடிக்கிறது.”

“பணக்கார வீடுகளில் இதை இறைச்சிக்குப் போட்டார்கள்” என்றார் ஹோர்ஸ்ட். “அந்த வாசனைகளில் பலவற்றை இப்போது டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக் கால இஞ்சி ரொட்டியில்தான் ருசிக்கிறோம்.” விரத நாட்களில் பாலுக்குப் பதிலாக வாதுமைப் பருப்பை அரைத்துப் பால் பிழிந்தார்களாம்.

“தேங்காய்ப்பால் மாதிரித்தானே!” என்று சுகந்தி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள்.

விறகடுப்பில் மிளகும் திப்பிலியும் வறுபட்டபோது, பக்கத்து அடுப்பில் மான் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். வெண்ணெயில் வெங்காயம் வதங்கி, கோழி வெந்து, வாதுமைப்பால் இறங்கியது. கறி பொன்னிறமாகக் கொதித்தது.

சாயங்காலம் விருந்து. தடித்த ரொட்டித் துண்டுதான் தட்டு. பிடித்த சமையலின் சாடியில் விருந்தினர் ஒரு ஹேசல் கொட்டையைப் போடவேண்டும். சுகந்தியின் சாடி நிரம்பி, கொட்டைகள் மேசையில் உருண்டன. ஹோர்ஸ்ட் கொம்பு ஊதி அவள் பெயரைக் கூவினார். பரிசாகக் கிடைத்த செப்புச் சட்டியை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

திரும்பும் ரயிலில் நினைத்துக்கொண்டேன்: மிளகாய் எங்களுக்கும் கப்பலில் வந்த விருந்தாளிதான். அதற்கு முன் இந்தக் கோட்டைக்காரரும் நாங்களும் உறைப்புக்கு நம்பியது ஒரே மிளகை.

செவ்வாயன்று கடையில் அதே கறியை வைத்தோம். யாழ்ப்பாணத்து உறைப்பையே போதாதென்று சொல்லும் குலம் அண்ணை முதல் ஆளாகச் சாப்பிட்டார். மூக்கைத் துடைத்தார். மறுபடி சோறு கேட்டார்.

“தங்கச்சி, கறி திறம். ஆனா மிளகாய்த்தூள் கொஞ்சம் கூடிப்போச்சு!”