அம்மாவின் அடியளவில் அப்பா பதித்த கற்கள்

எங்கள் வீட்டுப் பூந்தோட்டத்தில் இன்றும் பனி இறங்கியிருக்கிறது. அப்பா மறைந்து ஓராண்டு ஆகிவிட்டதை மனம் ஏற்கவில்லை. பனிக்குள் யாராவது இருமினால் அவர்தான் என்று எழுந்துவிடுகிறேன்.

அப்பா பன்வில மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். தாயைச் சிறு வயதிலேயே இழந்தவர். கன்று நடக் குழி குறிப்பதில் அவருக்கு ஈடு யாருமில்லை. நாலடிக் கம்பை வைத்து நகர்ந்தாரென்றால் மலைச்சரிவில் நேர்கோடு தானாக விழும். கோபம் அறியாதவர், பிடிவாதம் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு.

பிறகு சிறு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டினார். சமையற்கட்டிலிருந்து தண்ணீர் விழும் பீலிக்குச் செவ்வந்திச் செடிகளின் நடுவே இறங்க வேண்டும். ஒரு மழைக்காலம் அந்தச் சரிவில் குடத்தோடு வழுக்கி விழுந்துதான் அம்மா தம் முதற்பிள்ளையை வயிற்றிலேயே இழந்தார். மறுபடி அம்மா முழுகாமல் இருந்தபோது, அப்பா ஓடையிலிருந்து சொரசொரப்பான தட்டைக் கற்களைத் தோளில் சுமந்து வந்து பாதை போட்டார்.

அம்மா முதற்கல்லில் நின்று அடுத்ததைப் பார்த்தார். கால் எட்டவில்லை.

"என்னங்க, நான் நடக்கக் கல்லு வச்சீங்களா, தேயிலைக் கன்னுக்குக் குழி குறிச்சீங்களா?"

பழகிய கை நாலடிக் கம்பையே எடுத்திருந்தது! அப்பா வெட்கத்தோடு அதை வேலியில் செருகிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மெல்ல நட புள்ள. ஒங் காலு படுற எடத்துல வைக்கிறேன்."

ஈர மண்ணில் விழுந்த ஒவ்வொரு சுவட்டிலும் ஒரு கல். அந்த ஐப்பசி மழையில் அம்மா விழவில்லை. தை மாதம் நான் பிறந்தேன்.

நோயின் கடைசி வாரங்களில் அப்பா பீலியடிக்குப் போக ஆசைப்பட்டார். அம்மா முன்னே, அவர் பின்னே. அந்த நெடுங்கால் மனிதரின் அடி குறுகிப்போயிருந்தது. ஒவ்வொரு கல்லும் சரியாக அவர் பாதத்துக்கு வந்தது. "ஒனக்குப் போட்டது, எனக்கும் சரியா இருக்கே" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மருந்துக்காக மழை பாராமல் கண்டிக்குப் போய்வந்த மடவளைக் கடைக்கார முஸ்லிம் அண்ணனை, எங்கள் நானாவை, என்றும் மறவோம். அப்பாவை நீராட்ட நீர்மாலை எடுக்கப் பீலிக்குச் சென்ற உறவினர்களே, அன்றும் அடைமழை. எட்டி நடந்தே பழகியவர்கள் நீங்கள். ஆனாலும் நிறைகுடங்களோடு, கல் தவறாமல், அம்மாவின் அடியளவிலேயே ஏறி வந்தீர்கள். ஒருவரும் வழுக்கவில்லை. அதற்கு அப்பாவின் சார்பில் எங்கள் நன்றி.