தடத்தின் நடுவே ஒரு கல்

2024 ஜூன் 12, புதன்கிழமை. விடியுமுன் எழுந்து மாடுகளுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டேன். மனைவி கறந்தாள். பாலை வடிகட்டிக் கேனில் ஊற்றி, மொபெட்டின் முன்பக்கம் வைத்துக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போனேன். ஊற்றிவிட்டு எதிர்க் கடையில் சர்க்கரை குறைவாக ஒரு டீ. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு ஒரு மூட்டைக்குச் சொல்லிவைத்தேன். மேல்காற்று ஆரம்பித்துவிட்டது. கடைக்கு முன்னால் கட்டியிருந்த பிளக்ஸ் ஒருபக்கம் கிழிந்து அடித்துக்கொண்டிருந்தது.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடியே கேட்டார். "ஏனுங், உங்க பக்கமெல்லாம் எப்பங்க கை நீட்டறது?" கம்பெனிக்கு நிலத்தை விற்றுக் காசு வாங்குவதைத்தான் இங்கே கை நீட்டுவது என்கிறார்கள்.

"எங்க கை எல்லாம் சாணி நாத்தம். கம்பெனிக்காரன் வாங்கமாட்டான்" என்றேன்.

"காசு குடுக்கறவனுக்கு மூக்கு கெடையாதுங்க" என்றார் அவர்.

திரும்பி வரும்போதுதான் கல்லைப் பார்த்தேன். தார் ரோட்டிலிருந்து எங்கள் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, வரும் தடத்தில், பாதித் தூரத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. தலையில் சிவப்புப் பெயிண்ட். தொட்டால் விரலில் ஒட்டியது. ஓரத்தில் நட்டிருந்தால் பேசாமல் வந்திருப்பேன். சரியாக நடுவில் இருந்தது. மொபெட்டை ஒதுக்கி ஓட்டி வந்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் இப்படிப்பட்ட தடத்தை இட்டேரி என்போம். இரண்டு பக்கமும் கிளுவை மரங்களை நட்ட உயிர்வேலி, நடுவே ஒரு வண்டி போகும் அகலம். இந்தத் தடத்தின் தெற்கு வேலி எங்களுடையது. வடக்கு வேலி பெரியப்பா மகனுடையது. அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இதைவிட்டால் வேறு வழி இல்லை. தேங்காய் ஏற்றும் டெம்போ, வைக்கோல் டிராக்டர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் என்று எல்லோரும் இதில்தான் வர வேண்டும்.

கிழக்கே கொறங்காடுகளாகக் கிடந்த மேய்ச்சல் நிலம் முழுவதையும் போன வருஷத்திலிருந்து கம்பெனி வாங்கிக்கொண்டிருக்கிறது. என்ன செய்யப்போகிறார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் பேட்டரி என்கிறார். ஒருவர் செல்போன் என்கிறார். சலூன்காரர் விமானத்துக்கு டயர் என்று சத்தியம் செய்கிறார். எதுவாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரிவது ஒரு சாம்பல் நிறச் சுவர். மாதாமாதம் அது எங்களை நோக்கி வருகிறது. செம்மண் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓடி ஓடித் தார் ரோடு குழிவிழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கம்பெனி செலவில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அதே சாம்பல் நிறம்.

நிலம் கொடுத்தவர்கள் யாரும் கொடுத்தேன் என்று சொல்வதில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. திருட்டுக் காரியம் இல்லை, அவரவர் நிலம். ஆனாலும் கம்பெனிக்கு நிலம் பேசி முடிக்கும் புரோக்கர்தான் எல்லோரையும் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறார் என்று பேச்சு. அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் அறிகுறிகளை வைத்துப் படிக்கத் தொடங்கினோம். மஞ்சள் நட வேண்டிய பருவத்தில் ஒருவர் காட்டைச் சும்மா போட்டிருந்தால் கை நீட்டிவிட்டார் என்று அர்த்தம். நட்டாலும் சந்தேகம்தான், பயிருக்குத் தனியாக விலை கேட்க நடுகிறாரோ என்று. கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்கூட இப்போது இலையைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள்.

அண்ணன் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது வேலியினால்தான். சித்திரையில் அவருடைய கிளுவை வேலியில் ஆடு புகுந்து ஓர் இடத்தில் சந்து விழுந்திருந்தது. ஒரு கை நுழையும் ஓட்டை இருந்தால் அன்றைக்கே முள் வெட்டி அடைக்கிற மனிதர். அது அப்படியே கிடந்தது. வைகாசி வந்தும் கிடந்தது. பிறகு எருமையை விற்றார். கேட்டால் தீவனம் கட்டுபடியாகவில்லை என்றார். போன மாதம் நேராகவே கேட்டேன். "எனக்கென்ன பைத்தியமா" என்றார். அந்தப் பதிலில் ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கல்லைப் பற்றிச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு நேராகத் தடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இதுல டெம்போ எப்படிங்க வரும்? அடுத்த வாரம் தேங்கா வெட்டு இருக்குதே."

"புடுங்கி அக்கட்டால போட்டுட்டா வரும்."

"புடுங்காதீங்க. யாரு நட்டாங்கன்னு தெரியாம கை வெச்சா, நாளைக்கு நம்ம மேல திருப்பிப்போடுவாங்க. உங்கண்ணனக் கேட்டுட்டு வாங்க."

அண்ணன் தன் வாசலில் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். எருமை போன பிறகு அவரிடம் இருப்பது ஒரே ஒரு கறவை.

"வாப்பா. டீ குடிச்சியா?"

"ஆச்சுங்ணா. தடத்துல கல்லு நட்டிருக்குது, பாத்தீங்களா?"

"கல்லா?"

"சேப்புப் பெயிண்ட் அடிச்சு. நட்டநடுவால."

"நேத்து ரெண்டு பேரு கம்பியத் தூக்கிட்டுத் திரிஞ்சானுக. அளக்கறதுக்கு என்னமோ நட்டிருப்பானுக. உனக்குக் கல்லு இருந்தாலும் சந்தேகம், இல்லாட்டியும் சந்தேகம்." சிரித்தார். அரிவாள் நிற்காமல் தட்டை நறுக்கிக்கொண்டே இருந்தது.

அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். எப்போதும் என் மனைவியை விசாரிப்பார். அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். தன் வேலியோரத்தில் எவனோ கல் நட்டிருக்கிறான் என்று கேட்டும் எழுந்து வந்து பார்க்காத விவசாயியை நான் அதுவரை கண்டதில்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரு என்று அவர் சொல்லவில்லை.

மத்தியானம் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒருவர் தலையில் மஞ்சள் ஹெல்மெட்டும் கையில் டேப்லெட்டுமாக வந்த இளைஞர், கம்பெனியின் சர்வேயர். இன்னொருவர் புரோக்கர். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். பல வருஷம் எங்கள் தேங்காயை ஏற்றிப் போன டெம்போ டிரைவர். அப்போது என்னை ஏனுங்க என்பார். இப்போது சார் என்கிறார்.

"தடத்துல எதுக்குங்க கல்லு?" என்றேன்.

"எல்லைக் கல்லுங்க சார்" என்றார் சர்வேயர். "நம்ம காம்பவுண்டுச் சுவர் இந்த லைன்லதான் வருது."

"இது சர்க்கார் தடமாச்சே. இதுல எப்படிங்க சுவர் கட்டுவீங்க?"

அவர் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். எங்கள் நிலமும் அண்ணன் நிலமும் கட்டங்களாகத் தெரிந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கோடு. தடம் என்று எதுவும் இல்லை.

"ரெக்கார்டுல இங்க வழியே இல்லீங்க. உங்க வேலிக்கு வெளிய பாதி உங்க பட்டா. அந்த வேலிக்கு வெளிய பாதி அவரோடது. அவரோட பாதி இப்ப கம்பெனியோடது."

கேட்டதும் இரண்டு காரியங்கள் ஒன்றாக விளங்கின. அண்ணன் கொடுத்துவிட்டார். அதோடு, பிறந்ததிலிருந்து பொதுவழி என்று நான் நினைத்து நடந்தது பொதுவழியே அல்ல. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது ஆளுக்கு நாலு முழம் உள்ளே தள்ளி வேலி வைத்துக்கொண்டார்கள். இடையில் விழுந்ததுதான் தடம். அதைப் பத்திரத்தில் எழுதவில்லை. எங்கள் ஊரில் பங்காளிக்குள் அப்படி எழுதிக்கொள்வதில்லை. கூடப்பிறந்தவனிடம் வழியை எழுதிக் கொடு என்று கேட்டால், நாளைக்கு நீ மறிப்பாய் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி இட்டேரிகள் இப்படித்தான் உண்டாகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

என் பாதி நாலு முழம். மொபெட் போகும். டெம்போ கண்ணாடியை மடக்கினாலும் போகாது.

புரோக்கர் குரலைத் தணித்துக்கொண்டு வந்தார். "சார், நீங்க ஏன் கவலப்படறீங்க. உங்க பாதியையும் வழிக்குன்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா கம்பெனியே முப்பதடி அகலத்துல தார் ரோடு போட்டுருது. உங்க வாசல் வரைக்கும். லைட்டுக் கம்பத்தோட."

"ரோட்டு மொனையில இரும்புக் கேட்டு வருமா?"

அவர் செல்போனைப் பார்த்தார். சர்வேயர்தான் பதில் சொன்னார். "கேட் இருக்குங்க சார், செக்யூரிட்டிக்காக. உங்க ஃபேமிலிக்கெல்லாம் பாஸ் குடுத்துருவாங்க."

"எங்க ஊட்டுக்கு நாங்க வர பாஸா?"

"ஃபார்மாலிட்டிதாங்க சார்."

"தேங்கா வெட்ட வர்றவங்களுக்கு?"

"முன்கூட்டியே பேரு குடுத்துட்டாப் போதும்."

"எங்க மாடு கண்ணு போடற நேரத்துல டாக்டர் வரோணும். அதுவும் முன்கூட்டியே பேரு குடுத்துட்டுத்தான் போடுமா?"

சர்வேயர் சிரித்துவிட்டார். புரோக்கர் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்லுங்க சார், வெள்ளிக்கிழமை வர்றோம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கார் பின்பக்கமாகவே ரோடு வரை போயிற்று, திரும்ப இடம் இல்லாததால்.

பொழுது சாயும் நேரத்தில் அண்ணன் நடந்து வந்தார். மனைவி தண்ணீர் கொடுத்தாள். முழுச் சொம்பையும் குடித்தார். கட்டிலில் உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினார்.

"சொல்லியிருக்கோணும் தம்பி."

"எப்பங்ணா குடுத்தீங்க?"

"மாசியிலயே."

"நான் கேட்டப்ப எனக்கென்ன பைத்தியமான்னீங்க."

"கேட்ட எல்லாருக்கும் அதத்தான் சொன்னேன். உனக்கு மட்டும் நெசத்தைச் சொன்னா அப்பறம் ஊருக்கே தெரிஞ்சு போகுமல்லோ. கெணத்துல தண்ணி இல்ல. பையன் திருப்பூர விட்டு வரமாட்டேங்கறான். நான் யாருக்காகப்பா வேலி அடைச்சுட்டுக் கெடக்கறது?"

எனக்குக் கேட்க வேண்டியது வேறு இருந்தது. "தடத்துல பாதி உங்க பட்டாவுல இருக்குன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"கையெழுத்துப் போட்ட பொறகுதான் தெரியும். அதுக்கு முன்ன நானும் சர்க்கார் தடம்னுதான் நெனச்சேன். நீ எப்பவாச்சும் வழிய எழுதிக் குடுன்னு கேட்டிருந்தா பாத்திருப்பேன்."

"உங்ககிட்ட எப்படிங்ணா கேக்கறது?"

"அதுதான். எங்கப்பன்கிட்ட உங்கப்பனும் கேக்கல." சொம்பைக் கட்டில்மேல் வைத்தார். பிறகு சொன்னார். "கையெழுத்துப் போட்டுரு தம்பி. தார் ரோடு வரும். உனக்கும் நல்லது."

நான் கேட்டேவிட்டேன். "நான் போட்டா உங்களுக்கு ஏதாச்சும் வருதுங்களாணா?"

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. கையெழுத்துக்குப் பிறகுதான் தெரியும் என்று அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். அப்படியானால் காலையில் கல்லைப் பற்றிச் சொன்னபோது ஏன் தெரியாதவர்போல் இருந்தார்? இதை எழுதும்போதும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அவர் போகும்போது மனைவி வாசல் லைட்டைப் போட்டாள்.

பிறகு நாங்கள் இருவரும் துணி காயப்போடும் கயிற்றைக் கழற்றிக்கொண்டு எங்கள் வேலிக்குப் போனோம். நான் ஒரு முனையைச் சிவப்புக் கல்லில் பிடித்தேன். அவள் மறுமுனையை இழுத்துக்கொண்டு எங்கள் வேலிக் கிளுவைகளுக்கு இடையில் நுழைந்து தோட்டத்துக்குள் போனாள். டெம்போ வரும் அகலத்தில் நிற்கச் சொன்னேன். கயிறு முதல் வரிசைத் தென்னை மரங்களைத் தாண்டித்தான் நின்றது. நல்ல காய்ப்பில் இருக்கும் வரிசை. எங்கள் கல்யாணம் முடிந்த வருஷம் வைத்தவை. அவள்தான் குடத்தில் தண்ணீர் தூக்கி ஊற்றினாள்.

"வேலிய இங்க தள்ளி வெச்சுட்டா முழுத் தடமும் நம்ம பட்டாவுலயே வந்துரும்" என்றேன். "யாரு கையெழுத்தும் வேண்டாம். ஆனா இந்த வரிசை போயிரும்."

அவள் ஒரு மரத்தில் கை வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். குலைகள் காற்றில் ஆடின.

"ரோடு போட்ட பொறகு அவங்க அந்தக் கேட்டை மூடுனா யாரக் கேப்பீங்க?"

"யாரையும் கேக்க முடியாது."

"உங்கண்ணன்?"

"அவரு அப்ப இங்க இருக்கமாட்டாரு."

"அப்பறம் என்ன. அடுத்த வாரம் தேங்காய வெட்டிக்கலாம். அதுக்கப்பறம் மரத்த வெட்டலாம்." கயிற்றைச் சுருட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஜூன் 13, வியாழக்கிழமை. மாட்டுக்குக்கூடத் தட்டுப் போடாமல், எழுந்ததும் கொடுவாளை எடுத்துக்கொண்டு போய், சிவப்புக் கல்லுக்கு நேரே இருந்த எங்கள் வேலியின் கிளுவையை வெட்டினேன். தண்டு என் தொடை பருமன் இருந்தது. அதன் கிளைகளைக் கை நீளக் கம்புகளாகத் துண்டாக்கி, புது வேலிக்கு நடுமுன் வெட்டுவாய் உலரட்டும் என்று வேப்பமர நிழலில் அடுக்கிவைத்தேன்.