சாத்திய தகரக் கொட்டகை

உங்கள் காரில் ஒட்டிய ஒரு பொடி மணலுக்கு என்ன விலை சொல்வீர்கள்? மணலுக்கு விலையா என்று சிரிக்காதீர்கள். சதுரங்கப்பட்டினத்தில் 1974-இல் ஒரு வீடு அந்த விலையைக் கொடுத்தது.

ஜலாலுதீனுக்கு வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் பட்டறை. கார்க்காரர்கள் கழற்றி அனுப்பும் கதவு, பானட், மட்கார்டு எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் அடித்து, பாலிஷ் போட்டுத் தருவான். கடற்காற்றுதான் அவனுக்குப் பகை. அது மணலை அள்ளிவந்து ஈரப் பெயிண்டில் இறைத்துவிடும். அதனால் கதவைச் சாத்தி, இடுக்குகளில் நனைத்த சாக்கைத் திணித்துக்கொண்டு அடிப்பான். பெயிண்டில் கலக்கும் தின்னரின் நெடி முழுக்க அவன் நெஞ்சுக்குள் போயிற்று. நாலு வார்த்தை பேசினால் மூச்சு இரைத்தது. மூடிய இடத்தில் அடிக்காதே என்றார் செங்கல்பட்டு டாக்டர். சொந்தக்காரர்கள் தாயத்துக் கட்டினார்கள். தாயத்து நெடியைத் தடுக்குமா?

செய்யூர் ரைஸ்மில் முதலாளி சடையப்பன், மகள் கல்யாண ஊர்வலத்துக்காக அம்பாசிடரின் பானட்டைக் கொடுத்திருந்தார். முதல் தடவை அடித்தபோது, அவன் இருமுவது பொறுக்காமல் மனைவி அக்தர் பேகம் கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்துவிட்டாள். சடையப்பன் பானட்டை நகத்தால் சுரண்டினார்.

"இன்னா பாய் இது? மண்ணு ஒட்டிக்கினு கீது!"

"கதவ மூடுனா மூச்சு முட்டுது மொதலாளி. கொஞ்சம் காத்து வோணும்."

"நீ இன்னா மணப்பொண்ணா, ஆளு வெச்சி விசிற? இன்னிக்கே திருப்பி அடி. இல்லாங்காட்டி ஒரு வண்டியும் உன் வாசல்ல நிக்காது."

ஜலாலுதீன் பானட்டைத் தேய்த்து முடித்து மனைவியிடம் சொன்னான்: "நான் கூப்புடாம கதவத் தொடாத."

உள்ளே ஸ்ப்ரே துப்பாக்கியில் பெயிண்ட் சீறியது. இருமல் கேட்டது. பிறகு இரண்டும் நின்றன.

"இன்னாங்க, தொறக்கட்டுமா?"

பதில் இல்லை. கொண்டியில் கை வைத்தவள் தயங்கினாள். திறந்தால் மறுபடி மணல். மறுபடி முதலிலிருந்து தேய்ப்பு, அந்த மூச்சோடு. அவனுக்கு வேலை கூடக் கூடாதென்றுதான் காத்திருந்தாள். கடைசியில் கதவைத் தள்ளியபோது அவன் குப்புறக் கிடந்தான். உடம்பில் உயிர் இல்லை.

அவன் உடலைக் குளிப்பாட்டும் முன்பே சடையப்பன் வந்தார். நேரே கொட்டகைக்குப் போய்ப் பானட்டைக் குனிந்து பார்த்தார். ஈரப் பெயிண்டில் மறுபடி மணல்.

"கதவ எவ தொறந்தது?"

துக்கத்துக்கு வந்தவர்கள் "அவன் நேரம் முடிஞ்சிபோச்சி" என்று மட்டும் முணுமுணுத்தார்கள். நேரமாம்! காற்று வரும் வழியை அடைத்தது வானமா, விதியா?

உங்கள் வண்டி இன்று எந்தக் கொட்டகையிலாவது இருக்கிறதா? இப்போதே போங்கள். சாத்தியிருந்தால் நீங்களே திறந்துவிடுங்கள். பெயிண்ட் கெட்டால் கெடட்டும் என்று உள்ளே இருப்பவனிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள்.