மூணாவது அம்பயரின் கண்ணாடி

கண்ணாடியைக் கழற்றுகிறார், சட்டை நுனியில் துடைக்கிறார், மாட்டிக்கொள்கிறார், டிவியில் அதே பந்தை மறுபடி ஓட்டிப் பார்க்கிறார். அதற்குள் மைதானத்தில் அடுத்த பந்தே விழுந்துவிடும். "அவசரப்பட்டு அமுக்கினா அள்ள முடியாதுப்பா" என்பார். அலுவலகத்தில் அவருக்கு 'மூணாவது அம்பயர்' என்று பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள்; மனிதர் பதவி உயர்வு கிடைத்த மாதிரி நிமிர்ந்து நடக்கிறார்.

இருபத்திரண்டு வருஷம் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் ஸ்கோர் சரிபார்த்தவர். போன வருஷம் நிர்வாகம், செல்போனில் ஆடும் கற்பனை அணி ஆட்டம் ஒன்றில் பங்கு வாங்கியது. நிஜ ஆட்டக்காரர்களில் பதினொரு பேரை நாம் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் ஓடினால் சோபாவில் கிடக்கும் நமக்குப் புள்ளி. வியர்வை அவர்களுக்கு, வீறாப்பு நமக்கு. காகித உருளைகள் கிடந்த அறையைக் காலி செய்து, டிவியும் கணினியும் போட்டு, புள்ளி பதிகிற வேலையை இவரிடம் கொடுத்தார்கள். இவர் அமுக்கினால்தான் லட்சம் பேருக்குப் புள்ளி ஏறும். இத்தனை அதிகாரமுள்ளவர் வீட்டில் ரிமோட்டைத் தொட்டதே இல்லை.

ரிமோட் மனைவியிடம். அதே கற்பனை ஆட்டத்தில், பரிசெல்லாம் இல்லாத குடும்பக் குழுவில் அந்தம்மா தன் அக்காவுக்கு எதிராக ஆடுகிறார். தோற்றவள் ஜெயித்தவளை வருஷம் முழுக்க 'கேப்டன்' என்று கூப்பிட வேண்டும். அக்கா போட்டுக் கழித்த சட்டைகளையே போட்டு வளர்ந்தவருக்கு இது சின்னப் பந்தயமா? ஆள் எடுப்பதெல்லாம் முகராசி பார்த்துத்தான். "இவன் மூஞ்சில பசி தெரியுது. இவன்தான் எனக்கு."

இறுதி ஆட்டம். கடைசிப் பந்து, எல்லைக்கோட்டருகே கேட்ச். பிடித்தவன் என்று வர்ணனையாளர் அந்தப் பசிமூஞ்சிக்காரன் பெயரைக் கத்தினார். இவர் செல்போன் துள்ளியது: "அக்காவைத் தாண்டிட்டேன்! சீக்கிரம் அமுக்குங்க!"

கண்ணாடி. சட்டை நுனி. மறுபடி. பசிமூஞ்சிக்காரன் எப்போதும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருப்பான். பிடித்தவனுக்கோ கை மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. நடுவில் உள்ளே வந்த மாற்று ஆள். மாற்று ஆள் பிடித்தால் கேட்ச் புள்ளி யாருக்கும் கிடையாது.

"டிவிக்காரனே சொல்லிட்டான், அமுக்குங்க சார்" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"அவன் சொல்லிட்டுப் போயிடுவான். வீட்டுக்குப் போக வேண்டியவன் நான்" என்று முனகிக்கொண்டே 'மாற்று ஆள்' என்று அமுக்கினார்.

வீட்டுக் கதவு திறந்ததும் கேள்வி வந்தது. "எந்தப் படுபாவிங்க என் புள்ளியைப் பிடுங்கினது?"

"நான்தான்."

"ஒழுங்காப் பாத்தீங்களா?"

"மூணு தடவை."

"கையைச் சுருட்டியிருந்தானா?"

"இல்ல."

அந்தம்மா செல்போனைக் கையில் எடுத்தார். "அப்ப அது அவன் இல்ல" என்றார்.

பிறகு அக்காவுக்கு 'வாழ்த்துகள் கேப்டன்' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, செல்போனைக் கணவர் முகத்துக்கு நேராக நீட்டினார். "நீங்களே அனுப்புங்க. அமுக்குறதுதானே உங்க உத்தியோகம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியைத் தேட ஆரம்பித்தார்.