ரத்தம் கொடுக்க வராதவள்

பட்டாசுக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. எங்காவது வெடித்துவிட்டால், தீயணைப்பு வண்டி வருவதற்குள் ரத்தப் பிரிவு எழுதிய நோட்டைத் தேடுவார்கள். எங்கள் கம்பெனியில் அந்த நோட்டு என்னிடம்தான் இருந்தது. ஆமத்தூர்ப் பக்கம் அந்தக் கம்பெனி கேட்டில் உட்கார்ந்து, பெண்களுக்கு வருகை எழுதி, ரூமுக்கு நாலு பேராகப் பிரித்து அனுப்புவது என் வேலை. நான் சத்தம் போட்டால் போர்மேனே ஒதுங்கிப் போவார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. முன்பு நடந்த ஒரு முகாமில் எல்லோருக்கும் ரத்தப் பிரிவு பார்த்து எழுதியிருந்தார்கள். மொத்த நோட்டிலும் ஓ நெகட்டிவ் ஒருத்திதான், எங்களோடு வேலை பார்த்தவள். "ஒனக்குத்தாண்டி ராசாத்தி ரத்தம்" என்று கேலி செய்வோம். முகாம் முடிந்த மறுவருடம் அவள் வீட்டுக்காரன் செத்துப்போனான். வடக்கே பட்டாசு லோடு ஏற்றிப்போகும் லாரி டிரைவர். மஞ்சள்காமாலை என்றார்கள். ஊருக்குள் வேறு மாதிரியும் பேசினார்கள். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகளை வைத்துக்கொண்டு, எங்கள் கம்பெனிச் சம்பளத்தை நம்பித்தான் அவள் இருந்தாள். மாதம் ஒருநாள் மதுரைக்குக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லி லீவு கேட்பாள். "எந்தச் சாமிடி ஒன்னைய மட்டும் மாசாமாசம் கூப்பிடுது?" என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

அந்தத் தீபாவளி சீசனில் ஒரு ரூம் வெடித்துச் சுவர் சரிந்தது. உள்ளே இருந்த பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தொடை நசுங்கிப்போனது. ஓ நெகட்டிவ் வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நோட்டைப் புரட்டக்கூட இல்லை, நேரே அவளிடம் ஓடினேன்.

"நா வரலைக்கா" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு உசுரு போகுது. நீ ரத்தத்தக் கட்டி வச்சு என்னத்தடி பண்ணப் போற?" என்று கையைப் பிடித்து இழுத்து வேனில் ஏற்றினேன். கூட ஐந்தாறு பெண்கள் ஏறினார்கள். வழி நெடுக அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் என் முந்தானையைப் பிடித்தாள். "கொஞ்சம் தள்ளி வாங்கக்கா. ஒண்ணு சொல்லணும்."

"சொல்றத இங்கனயே சொல்லு" என்றேன். நான் அப்படிச் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

அவள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். "என் ரத்தம் ஆகாதுக்கா. எங்க வீட்டுக்காரருக்கு இருந்த நோவு எனக்கும் இருக்கு. மதுரைக்கு மாத்திரை வாங்கத்தான் போறேன். டெஸ்ட் பண்ணித்தான் ஏத்துவாகன்னு தெரியும். தப்பித்தவறி அந்தப் பிள்ளைக்கு ஏத்திட்டா நா என்ன செய்வேன்?"

பக்கத்தில் நின்றவள் மெல்ல நகர்ந்துகொண்டாள். திரும்பும்போது வேனில் கடைசி சீட்டில் அவள் மட்டும் தனியாக இருந்தாள். மற்றவர்கள் முன்னால் இடித்து நெருக்கி உட்கார்ந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு வேறு எங்கிருந்தோ ரத்தம் கிடைத்தது, பிழைத்துக்கொண்டது.

மறுநாள் அவளோடு ஒரு ரூமில் உட்கார மூன்று பேர் கிடைக்கவில்லை. கெஞ்சினேன், மிரட்டினேன். எச்.ஐ.வி. தொட்டால் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று ஆஸ்பத்திரி நர்சு சொன்னதை ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். அத்தனை வருடம் என் ஒரு அதட்டலுக்கு நடுங்கியவர்களில் ஒருத்தியும் அசையவில்லை.

"எங்க வீட்லயும் பச்சப்பிள்ளைக இருக்குல்லக்கா" என்றாள் ஒருத்தி. "நீங்க கேட்டுல உக்காந்து சொல்லிட்டுப் போயிருவீக."

போர்மேன் அவளைத் திரி காயப்போடும் களத்துக்கு மாற்றினார். வெயிலில் ஒற்றை ஆளாக நின்றாள். அங்கேயும் ஆட்கள் போதும் என்று முதலாளி சொல்வதாக ஒரு வாரத்தில் பேச்சு வந்தது. நான் போய்ப் பேசினேன். கேட்டுக்கொண்டார்கள், டீ கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். வாயால் பிழைத்தவள் நான். அந்த வாய் ஒன்றுக்கும் உதவவில்லை.

தீப்பெட்டியோ செல்போனோ உள்ளே போகாமல் பெண்களை உடம்பு தடவிச் சோதிப்பதும் என் வேலைதான். அடுத்த திங்கட்கிழமை காலை அவள் வழக்கம்போல் என் முன்னால் வந்து இரண்டு கையையும் தூக்கி நின்றாள். முழங்கைப் பக்கம் சின்னதாக ஒரு சிராய்ப்பு. புதிது, ஈரம் தெரிந்தது. என் கை நின்றுவிட்டது. ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். தொட்டால் ஒட்டாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவளின் கை.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். கையைக் கீழே போட்டாள்.

"பரவால்லக்கா" என்றாள்.

தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவள் முன்னால் வந்து கையைத் தூக்கினாள். அவளைத் தடவிப் பார்த்து உள்ளே அனுப்பினேன்.